குதிரைவலு

நீரிறைக்கும் இயந்திரம் வாங்கச் செல்லும் கமக்காரர் கடையில் முதலிற் கேட்கும் கேள்வி, “இது எத்தனை குதிரைவலு?” என்பதே. விடையாக ஓர் எண் கிடைக்கின்றது. அதனை நம்பிப் பணமும் கைமாறுகின்றது. அது எந்தக் குதிரை என்று கேட்பார் அரியர்.

வழக்கிலே வலு என்றாற் பலம். இயந்திரவியலிலோ, வேலை எவ்வளவு விரைவாக நடைபெறுகின்றது என்பதே வலு. நூறு இறாத்தல் அரிசியைச் சிறுவன் ஒருவனும் சிறிது சிறிதாக மாடிக்கு ஏற்றிவிடுவான். ஒரு நிமிடத்துள் ஏற்று என்றாற்றான் வலுவைப்பற்றிய பேச்சு எழும். இலங்கைப் பாடநூல்கள் வலு என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்கின்றன.

இந்த அளவைக்குள்ளே குதிரை புகுந்தது வியாபாரத்தின் பொருட்டேயாம். ஜேம்ஸ் வாற் தம் கூட்டாளி போல்ற்றனுடன் சேர்ந்து, சுரங்கங்களுக்கு நீராவி இயந்திரங்களை அளித்தபோது, பழைய இயந்திரத்திலும் பார்க்க மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகப் பெற்றார். ஆலைகளிலோ பழைய இயந்திரமே இல்லை. செக்குமாடுபோலக் குதிரைகள் சுற்றிவந்தன. ஆகவே, 1780களில், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று அவர் கணக்கிட வேண்டியதாயிற்று. ஆலைக்குதிரை 12 அடி ஆரையுள்ள வட்டத்தை மணிக்கு 144 முறை சுற்றும்; 180 இறாத்தல் விசையுடன் இழுக்கும் என்று கொண்டார். பெருக்கி வந்த தொகையைச் சற்றே உயர்த்தி, நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் என முடிவுசெய்தார். அதாவது, 330 இறாத்தலை ஒரு நிமிடத்தில் 100 அடி உயர்த்துதல். நாள் முழுவதும் அவ்வாறு உழைக்கும் குதிரை அரிது. வாற் தாராளமாகவே அளந்தார், வாங்கியவர் நட்டப்படவில்லை.

பின்வந்தோர் அத்துணைத் தாராளம் காட்டினரல்லர். பிரித்தானியாவில் 1921 முதல் மோட்டார் வண்டிக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் வரி விதிக்கப்பட்டது. ஆனால் அக்குதிரைவலு, உருளைகளின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டுங்கொண்டு கணிக்கப்பட்டது. வண்டி செய்வோர் உருளையை ஒடுக்கி நீளமாக்கினர். வரி குறைந்தது, வலு குறையவில்லை! 1948இல் வெளிவந்த பிரெஞ்சு வண்டியாகிய சித்ரோயன் ‘இரு குதிரை’யின் பெயரும் வரிக்கணக்கால் வந்ததே; அதன் இயந்திரமோ ஏறத்தாழ ஒன்பது குதிரைவலு தந்தது. அமெரிக்காவில் 1972 வரை, விசிறி முதலிய துணையுறுப்புகளைக் கழற்றிவிட்டு அளந்த பெரிய எண்ணையே விளம்பரஞ் செய்தனர். ஐரோப்பியக் குதிரையும் சற்றே மெலிந்தது. ஆங்கிலக் குதிரை ஏறத்தாழ 746 வாற்று, அது 735.5 வாற்று.

இனிக் கமக்காரரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கலன் நீர் பத்து இறாத்தல். கிணற்று நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் 30 அடி உயரமாயின், ஒரு குதிரைவலு நிமிடத்துக்கு 110 கலன், அஃதாவது 500 இலீற்றர், இறைத்தல் வேண்டும். பம்பியிலும் குழாயிலும் பாதி வீணாயின் 250 இலீற்றரே வாய்க்காலைச் சேரும். துலா மிதித்த காலத்தில், இடைவிடாது உழைக்கும் ஒரு மனிதரின் வலு ஒரு குதிரைவலுவிற் பத்திலொன்றளவேயாம் என்பதை நினைக்க, இதுவும் பெரிதே.

பம்பியின் தகட்டில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு: மிகக்கூடிய நீரளவு, மிகக்கூடிய உயரம். அவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பனவல்ல. மிகக்கூடிய உயரத்திலே குழாயின் வாயில் ஒரு துளியும் வாராது. ஆதலால், தம் கிணற்றின் ஆழத்தை முதலில் அளந்து சென்று, அந்த உயரத்துக்கு நிமிடத்தில் எத்தனை இலீற்றர் என்று கேட்கும் கமக்காரருக்கே கடைக்காரர் அட்டவணையை எடுத்து விரிக்க நேரும்.