அடியில் மேயும் மீனுக்கும் பசிக்கும்



வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்கள், அடியில் மேயும் மீன் ஒன்றிரண்டையும் சேர்த்து வாங்குவது வழக்கம். "மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும்" என்று சொல்லித்தான் விற்பார்கள். அதை நம்பி, அந்த மீனுக்கென்று நாம் தீவனம் போடுவதில்லை. மிதக்கும் தீவனத்தை மற்ற மீன்களே தின்று தீர்த்துவிடும். அடியில் இருப்பது பட்டினியில் வாடும்.

தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் கோரிடோராஸ் என்ற கெளுத்தி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வாயோரத்து மீசையால் மணலைத் துழாவித்தான் அது இரை தேடும். ஆகவே மூழ்கும் தீவனமே அதற்கு ஏற்றது. விளக்கை அணைத்த பிறகு போட்டால் மற்ற மீன்களின் போட்டி குறையும். மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுங்கள். அது அழுகினால் தண்ணீரில் அம்மோனியா சேரும். மீனுக்கு அது நஞ்சு.

கூரான கல்லும் அழுக்கு படிந்த அடித்தளமும் மீசையைப் புண்ணாக்கும். மிருதுவான மணல் பரப்புங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரைக் குளோரின் இல்லாத தண்ணீரால் மாற்றுங்கள். கூட்டமாக வாழும் இனம் என்பதால் 6 மீன்களாவது சேர்ந்திருக்கட்டும்.

கோரிடோராஸ் அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை அதன் குடல் எடுத்துக்கொள்ளும். இது இயல்புதான். ஓயாமல் மேலே வந்தால் தண்ணீரை உடனே கவனியுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்வது மீனின் வேலையல்ல, வளர்ப்பவரின் பொறுப்பு. இன்று இரவு முதல் அடியில் இருக்கும் மீனுக்கும் தனியாக உணவு போடுங்கள்.