ஏட்டிலே ஏரி, எதிரிலே குப்பைமேடு!



ஏரி என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புச் சிறுவனைக் கேளுங்கள். தயங்காமல் சொல்வான், தடுமாறாமல் சொல்வான். நீர்ச் சுழற்சி என்பான், நிலத்தடி நீர் என்பான், பல்லுயிர்ப் பெருக்கம் என்பான். பத்துக்குப் பத்து மதிப்பெண்! மகிழ்ச்சி. இனி அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "தம்பி, உன் ஊர் ஏரிக்கு மடை எத்தனை? கலங்கல் எந்தத் திசையிலே இருக்கிறது? வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே தூர்ந்து கிடக்கிறது?"

விழிப்பான், அந்த நல்ல பிள்ளை. குற்றம் அவனுடையதா? அல்ல, தோழர்களே, அல்ல! ஏட்டிலே உள்ள ஏரியை அவனுக்குக் காட்டினோம். எதிரிலே உள்ள ஏரிக்கு முதுகைக் காட்டி அவனை உட்கார வைத்தோம். அவன் படித்து முடிப்பதற்குள் அந்த ஏரி குப்பைமேடாகிறது, குப்பைமேடு மனைப்பிரிவாகிறது. அவனோ, ஏரியின் பயன்கள் ஐந்தினை மனப்பாடமாக ஒப்பிக்கிறான்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கிலே, 1991 நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குங்கள் என்று. அத்தோடு நின்றதா? திரையரங்குகளிலே காட்சிதோறும் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளைக் கட்டணமின்றிக் காட்டுங்கள் என்றும் சொல்லிற்று. நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே பாடம் போகட்டும் என்று நீதிமன்றமே எண்ணியதன்றோ? பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2003-இல், அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட்டுப் பாடத்திட்டம் வகுக்குமாறு என்.சி.இ.ஆர்.டி.க்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, தேர்வும் வந்தது. ஆனால் ஆற்றங்கரைக்குப் பிள்ளைகள் வந்தார்களா? ஆணையால் மணி அடிக்கலாம். மனத்தை அசைக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழியைக் கண்டவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். இமயத்தின் மடியிலே, அல்மோராவிலே, உத்தராகண்ட் சேவா நிதி என்றோர் அமைப்பு. 1987-இல் அவர்கள் மலைப் பள்ளிகளுக்கு ஒரு பாடம் கொண்டு வந்தார்கள். 'எங்கள் நிலம், எங்கள் வாழ்வு' என்பது அதன் பொருள். பிள்ளையின் கையிலே பயிற்சி ஏட்டைத் தந்து, வெளியே போ என்றார்கள்! உன் வீட்டு அடுப்புக்கு எத்தனை விறகு? உன் மாட்டுக்கு எத்தனைத் தழை? உன் ஊர்க் காடு அத்தனையும் தாங்குமா? எடை போடு, அளந்து பார், கணக்கிடு! விறகு சுமப்பவள் யார்? தாய். தழை அறுப்பவள் யார்? தமக்கை. எனவே, காட்டின் கணக்கைப் போட்ட பிள்ளை, தாயின் கழுத்து ஏன் வலிக்கிறது என்ற கணக்கையும் சேர்த்தே போட்டது! அந்த மலையிலேதான், 1974-இல், ரேணி என்ற சிற்றூரிலே, கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குச் சூழலியல் கற்பித்த கல்லூரி எது? காடும், சுமையும், வெள்ளமும்தான்!

மற்றொரு பள்ளிக்கூடம், நமக்கு அடுத்த வீட்டிலே, கேரளத்திலே. 1962-இல் எழுத்தாளர் சிலர் கூடி, அறிவியலை மலையாளத்திலே சொல்லுவோம் என்று தொடங்கினர் சாஸ்திர சாகித்ய பரிஷத்தை. அமைதிப் பள்ளத்தாக்கிலே குந்திப்புழையை மறித்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டக்குழு 1973-இல் ஒப்புதல் தந்தது. எம்.கே.பிரசாத் என்ற தாவரவியல் ஆசிரியர் ஆபத்தை எடுத்துரைத்தார். உடனே கேலி எழுந்தது. "மனிதனுக்கு மின்சாரம் வேண்டுமா, மரத்திலே தாவும் சிங்கவால் குரங்கு வேண்டுமா?" என்று கேட்டனர்.

வெறும் கோபத்தால் பதில் சொல்லியிருந்தால் தோற்றிருப்பார்கள். அவர்கள் கணக்கெடுத்தார்கள். தாவரவியல் அறிந்தவர், பொறியியல் அறிந்தவர், வேளாண்மை அறிந்தவர், பொருளியல் அறிந்தவர் ஒன்றாய் அமர்ந்து, அந்தத் திட்டத்தால் வரவு என்ன, இழப்பு என்ன, மின்சாரத்துக்கு மாற்று வழி என்ன என்று ஆராய்ந்து 1979-இல் நூலாக்கினார்கள். கவிஞர் சுகதகுமாரி போன்றோர் காட்டுக்காகப் பாடினார்கள். 1980-இல் பரிஷத், நாடகமும் பாட்டுமாய்க் கலைப்பயணத்தைத் தெருவிலே இறக்கிற்று. திரையில்லை, ஒப்பனை அறையில்லை, நுழைவுச் சீட்டில்லை. சந்தையிலே நின்றவனும், பேருந்துக்குக் காத்திருந்தவளும் அன்றைக்கு அறிவியல் மாணவர்! 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அந்தத் தெருமேடை மலை தாண்டி வந்து, 1990-களிலே நம் அறிவொளி இயக்கத்துக்கும் கை கொடுத்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? கணக்கும் கலையும் கைகோத்தால்தான் கல்வி! கணக்கு மட்டும் இருந்தால், அது கோப்பிலே தூங்கும். கலை மட்டும் இருந்தால், அது கைத்தட்டலோடு கலையும்.

"இதெல்லாம் எதற்கு? பிள்ளை கணிதம் படிக்கட்டும், ஆங்கிலம் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும்" என்பார் சிலர். அவர்களைப் பழிக்காதீர்கள். வறுமை பேசுகிறது, அவர்கள் வாயிலாக. பொறுமையாய்ச் சொல்லுங்கள்: ஏரியின் பரப்பை அளப்பது கணிதமன்றோ? நீரைச் சோதிப்பது வேதியியலன்றோ? முதியவரிடம் கேட்டு எழுதுவது மொழிப்பயிற்சியன்றோ? ஏரி கெட்டால் முதலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவு நடப்பவர் மாளிகைக்காரர் அல்லர். குடிசைவாசியே! சூழல் என்பது செல்வரின் பொழுதுபோக்கு அன்று, ஏழையின் சோற்றுப் பானை.

நம்மூரிலே இத்தகைய கல்வி இல்லாமலில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குச் சென்று பாருங்கள். கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சுமே என்று, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமலிருக்கிறார்கள் அவ்வூரார்! பட்டாசுக்கு ஆசைப்படாத பிள்ளை உண்டா? அந்த ஆசையைப் பறவைக்காக அடக்கிக்கொள்ள எந்தப் பாடநூல் கற்பித்தது? ஊரே பள்ளி, வழக்கமே பாடம்!

எனவே, தோழர்களே, கிளைதோறும் நீங்கள் செய்யத்தக்கதைச் சொல்லுகிறேன். தலைமை ஆசிரியரைக் கண்டு, பணிவுடன் பேசி, அவர் இசைவோடு பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்புக்குப் பெரியவர்கள் உடன் நிற்கட்டும். நீர்பாய்ச்சியாய் இருந்த முதியவரை ஆசிரியராக்குங்கள். மடை எது, கலங்கல் எது, வரத்துக்கால் எது என்று அவர் காட்டட்டும், பிள்ளைகள் படம் வரையட்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே கழிவுநீர் கலக்கிறது என்று குறிக்கட்டும். அந்தப் படத்தைப் படிப்பகத்துச் சுவரிலே மாட்டுங்கள். தமிழ்நாட்டிலே கிராம சபை கூடும் நாள்களோடு, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-ஆம் நாளும் 2022-இல் சேர்க்கப்பட்டது. அந்த அவையிலே, பிள்ளைகள் எடுத்த கணக்கைப் பெற்றோர் எழுந்து படிக்கட்டும்! அன்று மாலை அதே கணக்கை நாடகமாக்குங்கள். ஆக்கிரமித்தவர் நம்மவராயிருந்தாலும் அந்த நாடகத்திலே விதிவிலக்கு வேண்டாம். அங்கே வாய் மூடினால் பிள்ளைகள் கற்பது சூழலியல் அன்று, சூதியல்!

இன்னுமொன்று. கூட்டம் முடிந்த மறுநாள் காலை திடலைப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டிலே 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை. மேடையிலே ஏரியைப் பற்றி முழங்கிவிட்டு, திடலிலே நெகிழிக் குவளைகளை விட்டுச் செல்லும் இயக்கத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் பேசியதை அவர்கள் மறப்பார்கள், விட்டுச் சென்றதை மறக்கமாட்டார்கள்! திடலைக் கூட்டிவிட்டுப் புறப்படுவோம். அதுவும் ஒரு பாடம்.

ஏரியை ஏட்டிலிருந்து இறக்கிக் கரையிலே வைப்போம். கரையிலே நின்று கணக்குக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். கேட்கும் கேள்வி நம்மையே நோக்கி வந்தாலும், அஞ்சாமல் விடை சொல்வோம், வாருங்கள்!