கடல் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

மும்பையின் தாதர் கடற்கரையில் நின்று பார்த்தால் மாஹிம் விரிகுடா முழுவதும் ஒரே நீர்ப்பரப்புதான். எங்கே சேறு, எங்கே பாறை என்பதைக் கண் சொல்லாது. வரைபடம்தான் சொல்ல வேண்டும். அலிபாகுக்கோ ரத்னகிரிக்கோ கரையோரமாகப் படகு செலுத்துகிறவர் எந்தப் படத்தை எடுப்பது, எந்த அளவுக்கு நம்புவது? கடல் வரைபடம் ஒரு சாட்சி. எவ்வளவு அருகில் நின்று பார்த்தது, எப்போது பார்த்தது என்று விசாரித்த பிறகே அதை நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அருகாமை. 1:3,00,000 அளவுப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது கடலில் 300 மீட்டர். 1:25,000 அளவுப் படத்தில் வெறும் 25 மீட்டர். முன்னதில் ஒரு பாறைக்கூட்டமே புள்ளியாகச் சுருங்கிவிடும். 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் பந்தயத்தில் வந்த 'வெஸ்டாஸ் விண்ட்' பாய்மரப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளத்திட்டில் இரவில் மோதியது. திட்டு மின்னணு வரைபடத்தில் இருந்தது. மாலுமிகள் பார்த்த சிறிய அளவில் அதன் ஆபத்து புலப்படவில்லை. கையில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு இதுவே பதில். நாம் நிற்கும் இடத்தை அது சொல்லும். பாறை இருக்கும் இடத்தைப் படம்தான் சொல்லும். அதையும் படிக்கத் தெரிய வேண்டும். ஆழங்கள் வற்றத்தின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. வெறும் 2 என்றால் அந்த மட்டத்திலும் இரண்டு மீட்டர் தண்ணீர் உண்டு; அதே 2-இன் கீழே கோடு இருந்தால், அங்குள்ள தரையோ பாறையோ அந்த மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் வெளியே நிற்கும். ஏற்றவற்றத்தில் நீர்மட்டம் பல மீட்டர் மாறும் மும்பையில் இந்தச் சிறு கோடு படகின் அடிப்பலகையைக் காக்கும்.

அடுத்தது காலம். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி அளந்த காலத்தில், இரண்டு அளவுகளுக்கு நடுவே இருந்த பாறை தப்பியிருக்கலாம். அதனால்தான் எந்த ஆண்டு, எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரத்தைப் படத்தின் ஓரத்தில் பார்க்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. பழைய படம் அன்றே பொய்த்தது. டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் மாலுமிகளுக்கு அறிவிப்புகள் வெளியிடுவது இத்தகைய மாற்றங்களுக்காகத்தான்.

வொர்லி கோளிவாடா மீனவர்கள் படம் பார்த்தா கடலுக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தங்கள் படகுத்துறையான கிளீவ்லாண்ட் பந்தர் அருகே, மும்பைக் கடற்கரைச் சாலைப் பாலத்தூண்களுக்கு இடையே 60 மீட்டர் போதாது, காற்றிலும் நீரோட்டத்திலும் படகு மோதும் என்று அவர்கள் போராடினார்கள். 2022 இறுதியில் 120 மீட்டர் இடைவெளிக்கு நிர்வாகம் இணங்கியது. அந்தக் கடலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்லே கூர்மையானது. ஆனால் அந்த அறிவு அவர்களோடு அங்கேயே இருக்கிறது. ரத்னகிரிக்குப் போகும் அயலாரோடு கூட வராது. அவருக்குப் படம் வேண்டும். போய்ச் சேரும் கரையில் மீனவரிடம் கேட்கும் பணிவும் வேண்டும். ஆகவே கிடைப்பதில் மிக விரிவான அளவுப் படத்தை, கடைசிப் பதிப்பை வாங்குங்கள்; அறிவிப்புகளைப் பார்த்துத் திருத்துங்கள்; ஆழ எண்கள் அரிதாக உள்ள இடத்தை விட்டு விலகிச் செல்லுங்கள். எப்போது அளந்தது என்று சொல்லாத படத்தை நம்பிப் பாய் விரிக்காதீர்கள்.