நீரோட்டம் வளைவதேன்?



புதுக்கோட்டை என்றதும் பாறையும் கண்மாயும் சித்தன்னவாசலுமே பலருக்கு நினைவில் எழும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என நீளும் கடற்கரையும் அதற்கு உண்டு. அக்கரையில் நான் கண்ட கடல் அலையடங்கி ஏரிபோற் கிடந்தது. எனினும் அந்நீர் நிற்பதில்லை. அவ்வோட்டத்தை மீனவர் நீவாடு என்பர்.

கடலின் மேல்நீரைப் பெரிதும் உந்துவது காற்று. அப்படியாயின் காற்றடிக்கும் திசையிலேயே நீரும் செல்ல வேண்டுமன்றோ? செல்வதில்லை. 1893-இல் பிராம் என்னும் கப்பலில் வட துருவக் கடலுக்குப் புறப்பட்ட நார்வே நாட்டு நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் ஒதுங்கி மிதப்பதைக் கண்டார். அதன் கணக்கை 1905-இல் விடுவித்தவர் ஸ்வீடன் நாட்டு எக்மன்.

காரணம் பூமியின் சுழற்சி. பூமத்திய ரேகையிலுள்ள பொருளைப் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுமந்து செல்கிறது. 20-ஆம் அட்சரேகையிலோ அவ்வேகம் 1,570 தான். வடக்கே செல்லும் நீர் தன் பழைய வேகத்தைக் கைவிடாததால், அடியிலுள்ள நிலத்தை முந்திக் கிழக்கே, அதாவது வலப்புறம், சாய்கிறது. எத்திசையிற் சென்றாலும் வட கோளத்தில் வலம், தென் கோளத்தில் இடம். 1835-இல் இதன் கணிதத்தை எழுதிய பிரெஞ்சு அறிஞர் கொரியோலியின் பெயரே இவ்விளைவுக்கு வழங்குகிறது.

வட கோளத்துப் பெருங்கடல்களில் காற்றுகள் தள்ளும் நீர் இவ்வாறு வலம் ஒதுங்கி நடுவே குவிகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத மேடு அது! அதிலிருந்து வழிய முயலும் நீரும் வலப்புறம் திருப்பப்படுவதால், இறங்காமல் மேட்டைச் சுற்றியே ஓடுகிறது. வங்காள விரிகுடாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையோரமாக வடக்கே ஏறும் நீரோட்டம் இத்தகைய வலஞ்சுழியின் ஒரு விளிம்பே. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்பிவிடும்.

மணமேல்குடிக் கரையில் இவ்வளைவைக் காண்பது அரிது. அங்குள்ள பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தை எட்டாது. தரையும் கரையும் ஏற்றவற்றமுமே நீரை நடத்துகின்றன. மேலும், 10-ஆம் அட்சரேகையில் தன்போக்கில் விடப்பட்ட நீர் ஒரு வட்டம் திரும்ப 69 மணி நேரமாகும். துருவத்திலோ 12 மணிதான். தொட்டிநீர் வடிகையிற் சுழல்வதற்கும் இதையே காரணமாகக் கூறுவோர் உளர். சில நொடிகளில் வடியும் நீருக்கு இது எம்மாத்திரம்?

காற்றுக்கும் இதுவே விதி. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிப் புதுக்கோட்டையின் தென்னைகளைச் சாய்த்த கஜா புயலிலும் காற்று மையத்தை நோக்கி நேரே பாயவில்லை. வலப்புறம் விலகி, மையத்தை இடப்பக்கம் வைத்துச் சுற்றியது. இவ்வாறு சுற்றும் காற்று, மையத்துக்கு வடக்கே கடலிலிருந்தும் தெற்கே நிலத்திலிருந்தும் அடிக்கும். நம் கிழக்குக் கரையில் ஏறும் புயல்களில் கடல்நீர் ஊருக்குள் மிகுதியாகப் புகுவது மையத்தின் வடபக்கத்திலேதான்.