மூளையில் வைத்த கருவியை எடுக்கும்பொழுது



கிணறு தோண்டுவோர் நீர் ஊறும் நாளை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னாளில் தூர் வாருவது எங்ஙனம், உள்ளே இறங்கப் படி எங்கே என்பனவற்றையும் முன்னரே எண்ணி வைப்பர். மனித மூளைக்குள் கருவி பொருத்தும் இக்காலத்திலும் அத்தகைய முன்யோசனை நமக்கு வேண்டும்.

எங்கள் பண்பொழியில் ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் இருக்கிறார். கை நடுக்கத்தால் காப்பித் தம்ளரை ஏந்தவும் இயலாதவர். இச்சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வந்தபொழுது அவர், “வைப்பதைப் பற்றி எல்லாரும் சொல்லுகிறார்கள், ஐயா. எடுப்பதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?” என்றார். அவ்வினா எல்லார்க்கும் பொதுவானது.

முதலில் கருவியை அறிவோம். நடுக்குவாதம் என வழங்கும் பார்க்கின்சன் நோய் சிலருக்கு மருந்தினால் மட்டும் சீராக அடங்குவதில்லை. அத்தகையோருக்கு மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைச் செலுத்துகின்றனர். அவற்றிலிருந்து வரும் கம்பி காதின் பின்புறமாகத் தோலுக்கடியில் இறங்கி, காரை எலும்பின் கீழே புதைத்த சிறு பெட்டியை அடைகிறது. அப்பெட்டியிலுள்ள பாட்டரியிலிருந்து மின்துடிப்புகள் மூளைக்குச் செல்கின்றன. நோய் ஒழிவதில்லை; நடுக்கமும் விறைப்பும் தணிகின்றன.

1987-இல் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் டாக்டர் பெனபிட்டும் அவருடன் பணியாற்றியோரும் இம்முறைக்கு இன்றைய வடிவம் தந்தனர். நம் சென்னையிலோ, 1968-இல் நரம்பு அறுவை மருத்துவத்தில் பட்டம் பெற்ற டாக்டர் டி. எஸ். கனகா அம்மையார், 1970-களிலேயே மூளையில் நிலையான மின்முனைகளைப் பொருத்தும் பணியில் ஈடுபட்டார். 2018-இல் மறைந்த அம்மையார் நமக்குப் பெருமை தேடித் தந்தவர்.

இனி, எடுப்பதைப் பற்றிப் பார்ப்போம். பாட்டரி தீர்ந்தால் மார்புப் பெட்டியை மட்டும் மாற்றினாற் போதும். ஆனால் கருவியைச் சுற்றிக் கிருமித் தொற்று உண்டானால், மருந்தினால் மட்டும் அதனை விரட்டுதல் அரிது. பெட்டியையும் கம்பியையும் நீக்கி மின்முனைகளைக் காக்க முயல்வதுண்டு. தொற்று மேலும் பரவினால் அனைத்தையும் நீக்க வேண்டும். தோல் தேய்ந்து கருவி வெளிப்படுதல், கம்பி முறிதல், பயன் கிட்டாமை ஆகியனவும் காரணங்களாம். மின்முனையை உருவும்பொழுது மூளையில் இரத்தம் கசியும் அபாயம் சிறிது உண்டு. மேலும், பல்லாண்டு பழகிய மின்துடிப்பு திடீரென நின்றால், நோய் கடுமையாகத் திரும்பி உயிருக்கே இடர் விளைவிக்கவும் கூடும்.

இவையெல்லாம் உடலைப் பற்றியவை. உள்ளத்தைப் பற்றியதொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், காக்காய் வலிப்பு உடைய 15 பேருக்கு வேறுவகைக் கருவியொன்று பொருத்தப்பட்டது. அது மூளையைத் தூண்டுவதன்று. மூளையின் மின்னோட்டத்தைக் கண்காணித்து, வலிப்பு வருமுன் எச்சரிப்பது. அவர்களுள் ஒரு பெண்மணி அவ்வெச்சரிக்கையால் அச்சமின்றி வெளியே நடமாடலானார். கருவியும் தாமும் ஒன்றெனவே உணர்ந்தார். பின்னர் அதனைச் செய்த கம்பெனியின் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிட வேண்டும் என்றனர். வீட்டை அடகு வைத்தேனும் அதனை விலைக்கு வாங்க அவரும் கணவரும் முயன்றனர், பயனில்லை. கருவி அகற்றப்பட்டது. தம்மில் ஒரு பகுதியையே இழந்தவராக அவர் வருந்தினார். 2023-இல் அறிஞர்கள் இதனை எடுத்துக்காட்டி, இது மனித உரிமையைத் தொடும் செய்தியன்றோ என வினவினர்.

ஆம் என்பதே என் துணிபு. காரணம் கம்பெனியின் கணக்காக இருந்தால், கருவியைத் தாங்கியவரின் சம்மதமின்றி அதனை எடுத்தல் தகாது. அதே வேளையில், தொற்றினால் உயிருக்கு ஆபத்து வரும்பொழுது எடுக்க மறுத்தலும் அறிவுடைமையன்று. இவ்விரண்டையும் வைக்குமுன் பேசித் தீர்த்தல் வேண்டும்.

ஆதலின், கையொப்பமிடுமுன் மருத்துவரிடம் சில வினாக்களைத் தயங்காது கேளுங்கள். பாட்டரி எத்தனை ஆண்டு வரும்? மாற்றும் செலவு யாருடையது? கம்பெனி நின்றுவிட்டால் கருவியைப் பராமரிப்பவர் யார்? எடுக்க நேர்ந்தால் அதுவரை நோயை அடக்க என்ன வழி? விடைகளை எழுதி வாங்கி, கருவியின் அடையாள அட்டையோடு வீட்டில் வையுங்கள்.

இன்னுமொன்று, சொல்லக் கூச்சமாயினும் சொல்ல வேண்டியது. கருவி தாங்கியவர் காலமானால், தகனத்திற்கு முன் மார்பிலுள்ள பெட்டியை மருத்துவரைக் கொண்டு எடுத்துவிட வேண்டும்; நெருப்பில் அது வெடிக்கக் கூடியது. இதனை மக்களும் மருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

கருவியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது பலருடைய கைகளுக்கு எழுத்தையும் கவளத்தையும் மீட்டுத் தந்திருக்கிறது. கேட்டறிந்து ஏற்பவருக்கே அது முழுமையாகத் துணை நிற்கும்.