பிரம்புத் தொழிலும் குளக்கரையும்



பிரம்பு என்றதும் பலருக்கும் உபாத்தியாயர் கைக்கோலே ஞாபகத்துக்கு வரும். அதைச் சற்றே மறந்து விஷயத்தைக் கவனிப்பது நலம். பிரம்பு மூங்கிலின் இனமன்று. மூங்கில் புல் வகை, உள்ளே துளையுடையது. பிரம்போ பனை, தென்னை இவற்றின் குடும்பத்தது. உள்ளே கெட்டியான கொடி. முட்களால் அண்டை மரங்களைப் பற்றி ஏறுவது. சூடுபட்டால் வளையும், ஆறினால் அவ்வளைவிலேயே நிற்கும். இக்குணமே பிரம்பு நாற்காலித் தொழிலுக்கு ஆதாரம்.

சீர்காழியிலிருந்து சிதம்பரம் செல்லும் பெருஞ்சாலையில், கொள்ளிடத்துக்கு இப்பால் தைக்கால் என்னும் ஊர் இருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த அவ்வூர், 2020 முதல் மயிலாடுதுறை ஜில்லாவில் அடங்கியது. அங்குள்ள தொழிலாளர் தடித்த தண்டைத் தீயில் வாட்டி வளைத்துச் சட்டம் அமைக்கின்றனர். மெல்லிய தண்டைப் பிளந்த நாரால் மூட்டுக்களைச் சுற்றி இறுக்குகின்றனர். நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் யாவும் இவ்விதமே உருவாகின்றன. கட்டு தளர்ந்தால் நாற்காலி ஆடும். ஆகவே கட்டுகிற கைக்கே மதிப்பு அதிகம்.

ஆனால் மூலப்பொருள் அவ்வூரில் விளைவதில்லை. அஸ்ஸாம், அந்தமான் முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்து வரவேண்டியிருக்கிறது. உலகில் மிகுதியாகப் பிரம்பு விளையும் இந்தோனேசியா, 2012-ல் பக்குவம் செய்யாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. தூரத்துக் காடு ஒன்று மூடப்பட்டால் இங்கே அடுப்பு அணையக்கூடும் என்பதே கவலைக்குரிய விஷயம்.

இத்தனைக்கும் பிரம்பு வயல் நாட்டுக்குப் புதியதன்று. குறுந்தொகையில் மருதத்திணைப் பாட்டொன்று, குளத்தில் விழும் பிரம்பங்கனியைக் கெண்டை கவ்வுவதைக் கூறுகிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அவ்வினம் ஈரமான தாழ்நிலத்தில் செழிப்பது. தண்டு மெல்லியதாகையால் சட்டத்துக்குப் போதாது. கூடை முடையவும் கட்டவும் ஏற்றது. அம்மட்டில் வெளியூர்ச் சரக்கைக் குறைக்கலாமல்லவா?

பயிரிட விரும்புவோர் கனியின் சதையை நீக்கி, விதையை உலரவிடாமல் உடனே நிழலான நாற்றங்காலில் ஊன்றவேண்டும். உலர்ந்த விதை பெரும்பாலும் முளைக்காது. நாற்றுக்களைக் குளத்தோரத்தில், படர்வதற்கு மரமுள்ள இடமாகப் பார்த்து நடுக. முள் பொல்லாதது, மாடு போகும் வழியில் வேண்டாம். பொதுக் குளமானால் அதிகாரிகளின் அனுமதி முதலில் பெறுக. நெல்லைப்போல் ஒரு போகத்தில் கைக்கு வருவதன்று. சில வருஷம் பொறுக்கவேண்டும். பிறகு முற்றிய தண்டுகளை மாத்திரம் அறுத்து, இளந்தண்டுகளை விட்டுவைத்தால் தூர் மறுபடியும் தழைக்கும். அறுத்ததை ஈரத்தோடு குவித்து வைக்கலாகாது. பூஞ்சணம் பற்றிக் கறுத்துப்போகும், நல்ல விலையும் கிடைக்காது.