டாக்குரியாவில் கிறிஸ்துமஸ்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகுமுன்னே கிறிஸ்துமஸ் வந்துவிடுகின்றது. வங்காளிகள் அந்நாளைப் ‘பொரோதின்’ என்பர். ‘பெரிய நாள்’ என்பது பொருள். எச்சமயத்தவராயினும் அன்று கேக் வாங்குவது கொல்கத்தாவின் வழக்கம். 1902-இல் பாக்தாத் யூதக் குடும்பம் ஒன்று தொடங்கிய நாகூம் கடை நியூ மார்க்கெட்டில் இன்றும் இருக்கின்றது. டிசம்பர் இறுதியில் அதன் முன் மக்கள் வரிசை நீண்டு நிற்கும்.

ஊரே கொண்டாடும்போது, டாக்குரியாவில் வாழும் எங்களைப் போன்ற நாகர்கோவில் குடும்பத்துக்குக் குறை ஏது? அவ்வாறுதான் எண்ணியிருந்தோம். ஒருநாள் எங்கள் ஐந்து வயது மகள், “கிறிஸ்துமஸ் பாட்டி வீட்டில்தானே? இங்கே பொரோதின்தானே?” என்று கேட்டாள். அக்கேள்வி எங்களைத் தைத்தது. எங்கள் வீட்டு விழாவை, விடுமுறையில் சென்று பார்த்து வரும் காட்சியாக அன்றோ அவள் கருதிவிட்டாள்!

அவ்வாண்டே முந்திரிக்கொத்து செய்ய முனைந்தோம். நல்ல கருப்பட்டி கிடைக்கவில்லை. ஆனால் வங்கத்தில் அது ஈச்சவெல்லக் காலம். குளிர்ந்த இரவுகளில் ஈச்சமரத்தில் வடியும் சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுவர். ‘நோலென் குர்’ என்பது அதன் பெயர். அதனைச் சேர்க்கலாமா என்று ஊரிலுள்ள அன்னையாரைத் தொலைபேசியில் கேட்டோம். “பின்னே என்ன மக்களே, அதுவும் பனைக்குத் தங்கச்சிதானே!” என்றார்.

பயற்றை வறுத்து மாவாக்கி, எள்ளும் வறுத்த தேங்காயும் கூட்டி, பாகு ஊற்றிப் பிசைந்தோம். சூடு ஆறுமுன் பிள்ளைகள் உருட்டினர். உருண்டைகள் ஒழுங்காக அமையவில்லை, நாங்கள் திருத்தவுமில்லை. அரிசிமாவில் தோய்த்து மும்மூன்றாக எண்ணெயில் இட்டோம். உருட்டும்போதே, வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனை ஒன்றை நாளைக்கு ஓரடியாகக் கற்பித்தோம். வங்க ஒலி கலந்த நாவில் ழகரம் மட்டும் சிறிது இடறியது.

கிறிஸ்துமஸ் காலையில் மகளே தட்டுகளை ஏந்தி அண்டை வீடுகளுக்குச் சென்றாள். “இதில் முந்திரி இல்லை, திராட்சைக் கொத்துப்போல் ஒட்டியிருப்பதால் இப்பெயர்” என்று வங்காளியில் விளக்கினாள், பண்டத்தின் பெயரை மட்டும் தமிழிலேயே சொன்னாள். நமக்குப் பொங்கல் வரும் வேளையில் அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. அன்று எங்கள் தட்டுகள் ‘பிட்டே’ என்னும் அரிசிப் பலகாரத்தோடு திரும்பி வந்தன.

அயல் மாநிலத்தில் வாழும் நாம், சொந்த ஊரின் பண்டம் அப்படியே அமையவில்லையே என்று விழாவைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வெல்லம் மாறலாம், விறகடுப்பு மாறலாம். பிள்ளையின் கைக்கு ஒரு வேலை, நாவிற்கு ஒரு தமிழ்ப் பாட்டு, அயலாரிடம் எடுத்துச் செல்ல ஒரு தட்டு: இம்மூன்றும் இருப்பின் வழக்கம் பிழைத்துக்கொள்ளும். பார்த்த விழாவைப் பிள்ளைகள் மறப்பர். செய்த விழாவை மறவார்.

இப்போதெல்லாம் நவம்பர் முடியுமுன்னே மகள் கேட்கின்றாள்: “நம் கிறிஸ்துமஸுக்குப் பயறு வாங்கியாயிற்றா?”